கார் புளுகும், போல்ட்டு புளுகாது!

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில் போகிறவரா நீங்கள்? அப்படியானால் பார்த்திருப்பீர்கள். பின்பக்கம் சின்னதாக இரண்டு இறக்கை வைத்துக்கொண்டு, நம்மையெல்லாம் சட்டை செய்யாமல், ஒரு பழைய கார் கோவளம் தாண்டி மாமல்லபுரம் பக்கம் உருண்டுகொண்டிருக்கும். டீக்கடையில் நிறுத்தும்போது ஓனரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். முதல் வாக்கியமே இதுவாகத்தான் இருக்கும்:

"ஃபுல் ஒரிஜினல் சார்!"

நம் ஊரில் இந்த 'ஒரிஜினல்' படுகிற பாடு கொஞ்சமில்லை. ஒரிஜினல் நெய், ஒரிஜினல் அல்வா, ஒரிஜினல் நாட்டு மருந்து... போர்டில் எத்தனை 'ஒரிஜினல்' எழுதியிருக்கிறதோ, வயிற்றில் அத்தனை சந்தேகம். ஆனால் ஒரு வித்தியாசம். அல்வாவைத் தின்றுவிட்டால் சாட்சி காலி. கார் அப்படியில்லை. அதன் ஒவ்வொரு நட்டும், போல்ட்டும், வார்ப்பும் வாக்குமூலம் கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருக்கும். கேட்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும்.

அப்படிக் கேட்கத் தெரிந்த ஒருவரோடு இரண்டு கார்களைப் பார்க்கப் போனேன். ஒன்று செங்கல்பட்டில், இன்னொன்று மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில். இரண்டுமே நம் மண்ணில் பிறந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு.

புலிக்கு முன்னால் வந்த கார்

வண்டலூர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது மிருகக்காட்சி சாலை. இப்போதென்றால் பக்கத்துக் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு. ஆனால் 1985-ல் புலியும் சிங்கமும் வண்டலூரில் குடியேறுவதற்கு முப்பது வருஷத்துக்கும் மேல் முன்னாலேயே அங்கே கார் தயாராகிக்கொண்டிருந்தது!

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1948-ல் தொடங்கிய கம்பெனி. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் கம்பெனியோடு கூட்டு. வான்கார்டு, ஸ்டாண்டர்ட் எட்டு, பத்து, பென்னன்ட் என்று வரிசையாக வந்து, 1961-ல் ஹெரால்டு வந்தது. கல்கத்தாவுக்கு ஓர் அம்பாசடர், பம்பாய்க்கு ஒரு ஃபியட், மெட்ராஸுக்கு ஒரு ஹெரால்டு. அறுபதுகளில் கார் வாங்க நினைத்தவருக்கு மெனு கார்டில் இருந்த அயிட்டம் பெரும்பாலும் இந்த மூன்றுதான்.

ஹெரால்டின் பூர்வீகம் ஒரு சுவாரசியமான கதை. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு கார் 'பாடி' செய்து கொடுத்துக்கொண்டிருந்த தொழிற்சாலையை, 1953-ல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. நமக்குப் பால் ஊற்றுகிறவர் எதிர்வீட்டுக்கு மாப்பிள்ளை ஆகிவிட்ட மாதிரி! இனி முழு பாடி எங்கே செய்வது? யோசித்தார்கள். காரைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். மூக்கு ஓரிடத்தில், நடு உடம்பு ஓரிடத்தில், கூரை ஓரிடத்தில் என்று செய்து, எல்லாவற்றையும் கொண்டுவந்து ஒரு தனி சேசிஸ் மேல் வைத்து போல்ட்டு போட்டு முறுக்கிவிட்டார்கள். இத்தாலிக்காரர் மிக்கலாட்டி படம் போட்டுக் கொடுத்தார். 1959-ல் 'ட்ரையம்ஃப் ஹெரால்டு' பிறந்தது. இரண்டு வருஷத்தில் அதே கார் 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' என்ற பெயரில் வண்டலூரிலிருந்து வெளியே வந்தது.

மாமல்லபுரத்து ரதங்கள் ஒரே பாறையில் செதுக்கியவை. ஹெரால்டு நேர் எதிர். நட்டு போல்ட்டில் நிற்கிற ரதம். இதுதான் சிக்கலே. ரதத்தின் கோபுரத்தைக் கழற்றி வேறு கோபுரம் மாட்ட முடியாது. ஹெரால்டில் எதை வேண்டுமானாலும் கழற்றி எதை வேண்டுமானாலும் மாட்டலாம். ஐம்பது அறுபது வருஷமாக நம் ஆட்கள் மாட்டியும் இருக்கிறார்கள்!

சீட்டுப் பணமும் சட்டமும்

கார் வாங்க ஆசைப்பட்டவர் என் ஆபீஸ் நண்பர். வயது 31. சின்ன வயதில் எதிர்வீட்டு டாக்டர் ஹெரால்டில் போவதைப் பார்த்து வாயைப் பிளந்தவர், இன்னும் மூடவில்லை. மூன்று வருஷம் சீட்டுப் போட்டு மூன்று லட்சம் சேர்த்திருந்தார். அந்தப் பணத்துக்கு வீட்டில் ஏற்கனவே இரண்டு மூன்று திட்டங்கள் இருந்தன என்பது வேறு கதை.

"பழைய கார்தானே, ஓடினால் சரி" என்று விட்டுவிட முடியாது. 2021 ஜூலையில் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷத்தைத் தாண்டிய, வாடகைக்கு ஓடாத இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை 'வின்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். தினமும் ஆபீசுக்கு ஓட்டிப்போய்ப் பந்தா காட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் பார்ப்பது, இதற்கெல்லாம் எடுக்கலாம்.

முக்கியமான நிபந்தனை அதற்கப்புறம்தான். வண்டி அதன் அசல் உருவத்தில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

ஹெரால்டு வந்தது 1961 முதல் 1971 வரை. ஆக எல்லா ஹெரால்டும் வயதில் பாஸ். ஒரிஜினலா என்பதில்தான் பரீட்சையே. ஆசைக்குக் கேட்ட கேள்வியை இப்போது சட்டமும் கேட்கிறது!

அதனால்தான் மேஸ்திரியைக் கூப்பிட்டோம். பதினாலு வயதில் ஜி.எஸ்.டி. ரோட்டு ஒர்க்‌ஷாப் ஒன்றில் கிரீஸ் டப்பா தூக்க ஆரம்பித்தவர். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. பையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம், டார்ச், இரண்டு ஸ்பேனர், ஒரு பென்சில், கொஞ்சம் வெள்ளைப் பேப்பர், கை துடைக்க வேஸ்ட்.

"இவ்வளவுதானா மேஸ்திரி?"

"மாப்பிள்ளை பாக்கறதுக்கு எக்ஸ்ரே மெஷினா எடுத்துக்கிட்டுப் போவாங்க? சம்பளம் எவ்வளவுன்னு அவரைக் கேக்காம ஆபீஸ்ல விசாரிச்சாப் போதும் தம்பி."

செங்கல்பட்டுச் சிவப்பு

முதல் கார் செங்கல்பட்டில். இரண்டு கதவு. ரத்தச் சிவப்பு. முகம் பார்த்துத் தலை சீவலாம், அவ்வளவு பளபளப்பு. நண்பர் பார்த்த மாத்திரத்தில் கவிழ்ந்துவிட்டார். "மூன்றரை சொல்றோம், பேசிக்கலாம்" என்றார் புரோக்கர்.

மேஸ்திரி எதுவும் பேசவில்லை. காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கதவின் மேல்பக்கம் வைத்தார். கப்பென்று பிடித்தது. மெதுவாகக் கீழே இழுத்துக்கொண்டு வந்தார். அடிப்பக்கம் வந்ததும் காந்தம் பிடி விட்டு நழுவியது. இன்னோர் இடத்தில் வைத்தார். அங்கேயும் நழுவியது.

"தகடு போயிடுச்சு. இங்க இருக்கறது பூரா பட்டி" என்றார்.

அடுத்து ஸ்பேனர். ஹெரால்டு இன்ச் கணக்கில் பிறந்த கார். அதன் நட்டு போல்ட்டுகளுக்கு அரை இன்ச், ஏழின் கீழ் பதினாறு இன்ச், ஒன்பதின் கீழ் பதினாறு இன்ச் ஸ்பேனர்கள். அரை இன்ச் என்றால் 12.7 எம்.எம். இன்றைய கடைகளில் கிடைக்கிற அதற்கு நெருக்கமான போல்ட்டின் தலை 13 எம்.எம். வித்தியாசம் வெறும் 0.3 எம்.எம்.தான். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஸ்பேனருக்குத் தெரியும்! பாடியையும் சேசிஸையும் இணைக்கிற போல்ட்டுகள் ஒவ்வொன்றிலும் மேஸ்திரி அரை இன்ச் ஸ்பேனரை வைத்துப் பார்த்தார். வரிசையாக எதிலுமே நுழையவில்லை. 13-ஐ எடுத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"ஒண்ணு ரெண்டு மாறியிருந்தா தப்பில்லை. தொலைஞ்சிருக்கும், போட்டிருப்பாங்க. ஆனா அத்தனையும் மாறியிருக்குன்னா, பாடியை மொத்தமாத் தூக்கி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

பிறகு மிதியடி விரிப்பின் ஓரத்தையும், கதவின் உள் அட்டை ஓரத்தையும் கொஞ்சம் விலக்கி டார்ச் அடித்தார். பெயின்ட் அடிக்கிறவர்கள் சோம்பேறித்தனமாக விட்டுவிடுகிற இடங்கள் இவை. முன்பக்கம் வெளிர் பச்சை. பின்பக்கம் சாம்பல். சிவப்புச் சட்டைக்குள்ளே இரண்டு பேருடைய பனியன்!

கடைசியாக பானெட். ஹெரால்டின் பானெட்டைத் திறப்பதே ஒரு வேடிக்கை. மற்ற கார்களில் மூடி மட்டும் திறக்கும். இதில் இரண்டு பக்கக் கொக்கிகளை விடுவித்தால் மட்கார்டு, லைட் எல்லாவற்றோடும் சேர்ந்து முன்பக்கம் முழுதாக முன்னால் சாயும். முதலை வாயைத் திறப்பது போல. உள்ளே பார்த்தால்...

வேறு ஏதோ ஒரு காரின் எஞ்சின்! இடம் போதாமல் கொஞ்சம் சாய்த்து வைத்து, தாங்குகிற பட்டைகளைப் புதிதாக வெல்டிங் செய்திருந்தார்கள்.

வேதாளம் விக்கிரமாதித்தனுக்குச் சொன்ன தலை மாறிய கதை தெரியுமல்லவா? அதுதான். தலை ஒருத்தருடையது, உடம்பு இன்னொருத்தருடையது, கால் மூன்றாவது ஆளுடையது.

புரோக்கர் விடவில்லை. "ஓடுதா இல்லையா, அதைப் பாருங்க சார். ஒரிஜினலா இருந்து ஓடாம நின்னா என்ன பண்ணுவீங்க?"

நியாயமான கேள்விதான். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். "ஓட்டறதுக்குன்னு சொன்னா நல்ல வண்டிங்க. ஒரிஜினல்னு சொன்னா இல்லீங்க. நீங்க எதுக்குக் காசு கேக்கறீங்கன்னு சொல்லிடுங்க."

நாலு கதவு ரகசியம்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் மாமல்லபுரம். ஊருக்குக் கொஞ்சம் முன்னால், சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு வீடு. கீற்றுக் கொட்டகையின் கீழ் இரண்டாவது கார். கடல் காற்று நேராக வந்து மோதுகிற இடம். நிறம் என்ன என்று சொல்ல முடியாத ஒரு நிறம். நான்கு டயரிலும் காற்று இல்லை. நண்பரின் முகத்திலும் இல்லை.

ஓனர் ரிடயர்டு வாத்தியார். காரின் மூக்கில் மட்டும் பளிச்சென்று புது எழுத்து: 'ட்ரையம்ஃப்'.

"எங்க அப்பா வாங்கினது. இங்கிலாந்துலேர்ந்து கப்பல்ல வந்த வண்டி. பையன் துபாய்ல இருக்கான். பழைய பேட்ஜ் மங்கிப் போச்சுன்னு புதுசு வாங்கி அனுப்பினான்."

மேஸ்திரி காரை ஒரு சுற்றுச் சுற்றினார். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னார்.

"ஐயா, இது வண்டலூர் வண்டிங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"நாலு கதவு இருக்கே!"

விஷயம் இதுதான். இங்கிலாந்தில் ஹெரால்டு 1959-லிருந்து 1971 வரை தயாரானது. சலூன், கூப்பே, திறந்த கார், எஸ்டேட், வேன் என்று பல வடிவம். ஆனால் பக்கத்துக்கு ஒரு கதவுதான். நாலு கதவு வைத்து ஒரு ஹெரால்டைக்கூட அவர்கள் செய்யவில்லை. முன் ஸீட்டை மடக்கிவிட்டுப் பின்னால் நுழைய வேண்டும். பட்டுப் புடவையும், மடியில் குழந்தையும், கையில் தூக்குச் சட்டியுமாக நம் வீட்டுப் பெண்கள் அப்படி நுழைய முடியுமா? வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். 1968-ல் மார்க் மூன்று வந்தபோது வண்டலூர்க்காரர்கள் நாலு கதவு வைத்தார்கள். அதே உடம்பைப் பின்பக்கம் நீட்டி, பின்னாலும் ஒரு கதவு வைத்து 'கம்பானியன்' என்று ஓர் எஸ்டேட் காரும் செய்தார்கள். உலகத்திலேயே நாலு கதவு ஹெரால்டு பிறந்த ஒரே ஊர் நம்முடையது!

வாத்தியார் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ எங்க அப்பா பொய்யா சொன்னார்?"

கொட்டகையில் யாரும் பேசவில்லை. கார் விலை, சட்டம், ஒரிஜினல் எல்லாம் ஒரு பக்கம். ஐம்பது வருஷமாக ஒரு மனிதர் அப்பாவைப் பற்றி வைத்திருந்த பெருமை இன்னொரு பக்கம்.

மேஸ்திரிதான் சமாளித்தார். "பொய்யில்லீங்க ஐயா. படம் போட்டது அந்த ஊருல, செஞ்சது இந்த ஊருல. அந்தக் காலத்துல சீமை வண்டின்னாத்தான் மதிப்பு. எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. இன்னிக்கு நான் சொல்றேன், சீமையில போயி தேடினாலும் இது கிடைக்காது."

இங்கிலாந்து முத்திரை நல்லதா, கெட்டதா?

அதற்குப் பிறகுதான் மேஸ்திரி வேலையை ஆரம்பித்தார்.

பானெட்டைச் சாய்த்துவிட்டு, முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஹெரால்டில் அது ஒரு வசதி. மெக்கானிக்குக் கார் கம்பெனியே ஸ்டூல் போட்டுக் கொடுத்த மாதிரி. வேஸ்ட்டால் பிளாக்கைத் துடைத்தார். பக்கவாட்டில் சமமாகக் கடைந்த சின்ன மேடையில் எஞ்சின் எண். ஆர்.சி. புத்தகத்தில் இருந்ததும் அதுவும் ஒன்றே. தகட்டில் இருந்த சேசிஸ் எண் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண்ணின் இலக்கங்கள் ஒரே ஆழத்தில், ஒரே அளவில் வரிசையாக எழுந்தன. தகட்டைப் பிடித்திருந்த ரிவெட்டுகளும் பழையவை. தட்டி மாற்றிய எண் என்றால் இலக்கம் கோணிக்கொள்ளும், சுற்றிலும் உரசிய தடம் இருக்கும்.

எஞ்சினிலேயே இன்னொரு பாடம். இங்கிலாந்து ஹெரால்டில் 1961-ல் 1147 சி.சி. வந்தது, 1967-ல் 1296 சி.சி. வந்தது. நம் ஹெரால்டில் கடைசி வரை சின்ன 948 சி.சி.தான். விலை ஏறக் கூடாது என்று. ஆக, நம் ஊர்க் காரில் ஜி.ஏ., ஜி.இ. என்று தொடங்கும் எண் உள்ள பெரிய இங்கிலாந்து எஞ்சின் இருந்தால், "ஆஹா, சீமை எஞ்சின்!" என்று குதிக்கக் கூடாது. அது பின்னால் வந்த விருந்தாளி.

வார்ப்புகளில் 'ஸ்டான்பார்ட்' என்ற சொல்லைத் தேடச் சொன்னார் மேஸ்திரி. ஸ்டாண்டர்ட் கம்பெனி தன் பாகங்களில் போட்ட முத்திரை அது. ஒன்றிரண்டு இடத்தில் அழுக்குக்கு அடியிலிருந்து எழுந்து வந்தது. டைனமோவைத் துடைத்ததும் 'லூகாஸ்-டி.வி.எஸ்.' என்று வந்தது.

"ஐயோ, உள்ளூர் சாமானா?" என்றார் நண்பர் ஏமாற்றத்துடன்.

"அதுதான் தம்பி சரியான சாமான்!"

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 1961-ல் ஹெரால்டு வந்தபோது நிறைய பாகங்கள் கடல் தாண்டி வந்தன. வெளிநாட்டுச் சரக்குக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். வருஷம் போகப் போக உள்நாட்டுப் பாகங்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. அதே சமயத்தில்தான் மெட்ராஸைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள் முளைத்தன. 1960-ல் வீல்ஸ் இந்தியா, 1961-ல் லூகாஸ்-டி.வி.எஸ்., 1962-ல் பிரேக்ஸ் இந்தியா. ஆகவே ஆரம்பகால ஹெரால்டில் இங்கிலாந்து முத்திரை இருந்தால் பொருத்தம். அறுபதுகளின் கடைசியில் வந்த காரில் எங்கே பார்த்தாலும் 'மேட் இன் இங்கிலாந்து' என்று இருந்தால் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இன்றும் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கிறது. காசுள்ளவர்கள் பார்சலில் வரவழைத்து மாட்டுகிறார்கள். கார் ஓடும், ஜொலிக்கும். ஆனால் வண்டலூர் மெதுவாக அதிலிருந்து இறங்கிப் போய்விடும்.

பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு பானெட்டின் உள்பக்கம் குனிந்தார் மேஸ்திரி. எங்களையும் கூப்பிட்டுக் காட்டினார். புது 'ட்ரையம்ஃப்' எழுத்துக்குப் பின்னால் பளபளக்கிற ஸ்க்ரூ. அதற்குப் பக்கத்தில் பழைய ஓட்டைகள். வெளியே பட்டி வைத்து மூடி பெயின்ட் அடித்திருந்தார்கள். உள்ளே அப்படியே விட்டுவிட்டார்கள்.

பக்கத்து ஊர்ச் சிற்பங்கள் ஞாபகம் வந்தன. மாமல்லபுரத்து ரதங்களில் சில அடிப்பக்கம் முடிக்கப்படாமல் நிற்கின்றன. மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்தார்கள் என்று நமக்குத் தெரிவது, அந்த முடிக்காத பாகத்தைப் பார்த்துத்தான். காரிலும் மெருகு போய்ச் சேராத இடத்தில்தான் உண்மை உட்கார்ந்திருக்கிறது.

கடைசியாகப் பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். உடம்பு மேலே எழும்ப எழும்ப, இரண்டு பின் சக்கரங்களும் அடிப்பக்கம் உள்ளே மடங்கின. கூச்சப்பட்டுக் காலை மடக்குகிற குழந்தை மாதிரி. பயந்து போனேன். மேஸ்திரிக்கு ஒரே சந்தோஷம். ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியாக ஆடும். குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு இது பிடிக்கவில்லை. அதனால் 1972-ல் ஹெரால்டை மாற்றி 'கெஸல்' என்று கொண்டுவந்தபோது, மற்ற கார்களில் இருப்பது போல ஒரே நீள ஆக்ஸில் போட்டார்கள். சக்கரம் மடங்கினால் ஹெரால்டு ஆக்ஸில். மடங்காவிட்டால் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளை உப்புக் காற்று தின்றிருந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "இதைப் பழைய அளவுக்கே செஞ்சு போட்டுடலாம். துரு வந்தா மருந்து உண்டு. ஆள் மாறாட்டத்துக்குத்தான் மருந்து கிடையாது" என்றார் மேஸ்திரி.

சான்றிதழ் கொடுக்க ஆளில்லை

இங்கிலாந்தில் ஒரு ட்ரையம்ஃப் காருக்கு இந்தத் துப்பறியும் வேலை பாதிகூடத் தேவையில்லை. கேய்டன் என்ற ஊரில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் பழைய தொழிற்சாலைப் பேரேடுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எண்ணை எழுதி, பணம் கட்டினால், கார் என்றைக்குப் பிறந்தது, என்ன நிறம், எந்த எஞ்சின் என்று சான்றிதழே அனுப்பிவிடுகிறார்கள். காருக்கு ஜாதகம்!

நாம் யாருக்கு எழுதுவது? வண்டலூர் கம்பெனி 1977-ல் கெஸலை நிறுத்தியது. 1985-ல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்று ஒரு பெரிய காரைக் கொண்டுவந்தது. உடம்பு ரோவர், எஞ்சின் பழைய வான்கார்டு வம்சம். விலை அதிகம், பெட்ரோலும் நிறையக் குடித்தது. அதே சமயத்தில் மாருதி வேறு வந்து ஊரையே தூக்கிக்கொண்டு போனது. 1988-ல் அதுவும் நின்றது. இன்று அந்த ஜி.எஸ்.டி. ரோட்டு இடத்தில் ஐ.டி. கட்டடங்கள். அங்கே கழுத்தில் அடையாள அட்டையோடு போகிற பையனிடம் "இங்கே கார் செய்தார்கள்" என்றால் சிரிப்பான். கொஞ்சம் தள்ளி மறைமலை நகரில் கார் செய்துகொண்டிருந்த ஃபோர்டும் 2022-ல் நிறுத்திவிட்டது. தொழிற்சாலை போவது சீக்கிரம் மறந்துவிடுகிறது.

ஆக, மிச்சம் இருக்கிற ஹெரால்டுகளின் நட்டும் போல்ட்டும் தகடும்தான் வண்டலூரின் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர். 'பளபளப்பாக்குகிறேன்' என்று ஒரு பழைய டைனமோவைக் காயலான் கடையில் போடும்போது, அந்த ரிஜிஸ்டரில் ஒரு பக்கத்தைக் கிழித்துப் போடுகிறோம். லோக்கல் சாமான் என்று வெட்கப்பட்டு ட்ரையம்ஃப் பேட்ஜ் ஒட்டும்போது, அங்கே வேலை செய்தவர்களின் கையெழுத்தை அழிக்கிறோம்.

வாங்கப் போகிறீர்களா?

* முதலில் பேப்பர். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டையும் காரில் உங்கள் கண்ணால் பாருங்கள். பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

* வெளிப் பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள். விரிப்புக்கு அடியில், கதவு அட்டைக்குப் பின்னால், டேஷ்போர்டுக்கு உள்ளே என்ன நிறம் என்று பாருங்கள்.

* காந்தம் ஒன்று கையில் இருக்கட்டும். கதவின் அடிப்பக்கம், மட்கார்டு ஓரம் முக்கியம்.

* இன்ச் ஸ்பேனர் உட்காருகிறதா என்று பத்து இடத்திலாவது பாருங்கள்.

* கூரை இல்லாத ஹெரால்டு என்றால் கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பில் போல்ட்டு ஓட்டைகளை அடைத்திருக்கிறார்களா என்று தடவுங்கள். ஹெரால்டின் கூரை போல்ட்டில் நிற்பது. கழற்றுவது சுலபம்.

* கழற்றிய பழைய பாகம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியில் என்ன ஆயிற்று என்கிறீர்களா? நண்பர் இரண்டு லட்சத்து இருபதாயிரத்துக்கு வாத்தியார் காரையே முடித்தார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்ட வாத்தியார், "கொஞ்சம் இருங்க" என்று உள்ளே போய் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால், கழற்றிய பழைய 'ஸ்டாண்டர்ட்' பேட்ஜ். மங்கி, ஓரம் உடைந்திருந்தது. "அப்பா தொட்டதாச்சே, தூக்கிப் போட மனசு வரலை" என்றார்.

மேஸ்திரி அங்கேயே ட்ரையம்ஃபைக் கழற்றி வாத்தியார் கையில் கொடுத்தார். பழைய பேட்ஜைப் பழைய ஓட்டைக்கு நேராக வைத்துப் பார்த்தார். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

லாரியில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கியபோது நண்பரின் அம்மா வெளியே வந்தார். காரைச் சுற்றி வந்தார். விரலால் ஓர் இடத்தைத் தொட்டார். விரல் உள்ளே போய்விட்டது.

"மூணு வருஷச் சீட்டுப் பணத்தைக் கொடுத்துத் துருவையாடா வாங்கிட்டு வந்திருக்கே?"

நண்பர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"ஒரிஜினல் துரும்மா!"